மலையில் இருந்துகொண்டே நடிப்புப் பழகுவது எப்படி: முதல் நாள் முதல் ஆடிஷன் வரை

குன்னூரில் ஒரு சின்ன அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி நடிப்புப் பழகுகிறோம். டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர் உண்டு, ஜீப் ஓட்டுகிறவர் உண்டு, கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் கல்லூரி மாணவி உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கையில் ஒரு காட்சியைக் கொடுத்தவுடன், "இதைச் சோகமா பண்ணணுமா, கோபமா பண்ணணுமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் ஆறு மாதம் உழைத்தாலும் முகத்தைச் சுருக்கவும் விரிக்கவும்தான் வரும்.

கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஆளுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்பது. இதைப் பாத்திரத்திடம் கேட்பதற்கு முன்னால் உங்களிடமே ஒருமுறை கேட்டாக வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்ததுதான். நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி அதே படிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டு கையில் எழுதுவதாக இருக்கட்டும், போனில் எழுதினால் அடுத்த நிமிடம் வேறெங்கோ போய்விடுகிறோம். எட்டடிக்கு எட்டடி இடம். வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு நாற்பது நிமிடம். கூடவே ஒரு துணை, அதாவது எதிரில் நின்று வசனம் சொல்ல ஓர் ஆள். தங்கை, பக்கத்து வீட்டு நண்பன், யாரானாலும் சரி. நடிப்பு தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, வாரம் தவறாமல் வருகிறவராக இருந்தால் போதும்.

தனியாகக் கண்ணாடி முன் பழகலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். கண்ணாடி முன்னால் நிற்கும்போது நீங்கள் நடிகராகவும் பார்வையாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறீர்கள், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மேடையிலும் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்றுதான் மனம் ஓடும்.

1. உங்களுக்கு எதற்கு நடிப்பு? எழுதிப் பாருங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். நடிக்க வேண்டும் என்று முதலில் எப்போது தோன்றியது, அப்போது எங்கே இருந்தீர்கள்? இதில் எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை? அடுத்த ஐந்து வருடம் யாரும் உங்களைக் கூப்பிடவே இல்லை என்றாலும் எதை விடாமல் செய்வீர்கள்?

'பிரபலமாகணும்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆசையில் தப்பில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடித்துக் களைத்து வந்து உட்காரும்போது அந்த ஆசை உங்களை எழுப்பி நிறுத்தாது. அது எப்போதோ கிடைக்கப் போகிற ஒன்று. இன்றைக்கே கையில் கிடைக்கும் சந்தோஷம் எது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பக்கம்.

ஒரு பெண் இப்படி எழுதியிருந்தார்: எஸ்டேட் லைன் வீட்டில் கரண்ட் போகும் ராத்திரிகளில், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தண்ணீர்க் குழாயில் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று பாட்டிக்குச் செய்து காட்டுவாராம், பாட்டி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பாராம், சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருக்கிறார்களே. இதைப் படித்தவுடன் அவருக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனிதர்களைக் கவனிப்பது, அதை ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, இரண்டும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

பதில் அழகாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அரை மணி நேரத்தில் வருவதை எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடியும் எழுதுங்கள். மாறியிருந்தால் நல்லது.

2. மூச்சும் உடம்பும், அதிலும் மலைக்காற்றில்

வசனத்தைத் தொடும் முன் பதினைந்து நிமிடம் உடம்புக்கு. உடம்பு இறுகியிருந்தால் எதிரில் இருப்பவர் சொல்வது உள்ளே இறங்காது, நீங்கள் சொல்வதும் தொண்டையோடு நின்றுவிடும்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது உறைக்காது. கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து அன்றைக்கே பழகுகிறவர்களுக்கு நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும், அவர்கள் அதைப் பதற்றம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி வந்தால் முதல் நாள் குதிக்கிற, ஓடுகிற பயிற்சி வேண்டாம்.

குளிரில் தோள் தானாக மேலே ஏறிக் காதைத் தொடப் பார்க்கும். இங்குள்ளவர்களிடம் நான் முதலில் பார்க்கிற விஷயமே அதுதான். டிசம்பரில் வருகிற அத்தனை பேரும் தோளைக் காதருகில் வைத்துக்கொண்டுதான் கதாநாயகன் வசனம் பேசுவார்கள். ஸ்வெட்டரோடு தொடங்குங்கள். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று மெதுவாகச் சுற்றி, உடம்பு சூடானதும் கழற்றுங்கள்.

அப்புறம் தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுக்கும்போது புத்தகம் மேலே வர வேண்டும், நெஞ்சு அவ்வளவாக அசையக்கூடாது. ஐந்து நிமிடம். பிறகு எழுந்து நின்று அதே மூச்சில் 'ஆ' என்று மெல்லத் தொடங்கி, கத்தாமல் நீட்டுங்கள்.

கத்துவதற்கும் குரல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். தேயிலைச் சரிவில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேளுங்கள். பெயரின் கடைசி உயிரெழுத்தை நீட்டுவார்கள், தாடை தளர்ந்திருக்கும், வேலை வயிற்றில் நடக்கும். நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் தொண்டை கட்டுவதில்லை. புதியவர்கள் மெய்யெழுத்தில் அழுத்திக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள், இரண்டாவது நாள் குரல் போய்விடுகிறது. குரல் கம்மியிருந்தால் ரகசியக் குரலில் பேசிச் சமாளிக்காதீர்கள், அதுவும் குரல்வளைக்குச் சிரமம்தான். அன்றைக்குப் பேசாத பயிற்சிகளைச் செய்யுங்கள்.

தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதனால் பலர் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுத் தொண்டையைக் குறை சொல்கிறார்கள்.

3. பார்க்கப் பழகுங்கள்

வாரம் ஒரு மனிதரைக் கவனித்து அரைப் பக்கம் எழுதுங்கள். நிபந்தனை ஒன்றே: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'கவலையாக இருந்தார்' என்று எழுதினால் அடித்துவிடுங்கள். கவலை உங்கள் முடிவு, அவர் செய்தது வேறு ஏதோ.

ஓர் உதாரணம். கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு மாலை நின்றிருந்தேன். வரிசையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. மழை நாள், ஈரத்துக்கு எடையில் கழிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய மூட்டையைத் தராசில் வைத்ததும் மற்றவர்களெல்லாம் முள்ளைப் பார்த்தார்கள், அவர் மட்டும் எடையை எழுதுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த ஓர் இலையை எடுத்து, போடாமல், உருட்டிக்கொண்டே இருந்தன. எண்ணைச் சொன்னதும் இலையைக் கீழே போட்டுவிட்டு நடந்துவிட்டார்.

அந்த இலையை நான் கற்பனையில் உண்டாக்கியிருக்கவே முடியாது. இப்படிப் பத்துப் பேரைச் சேர்த்து வைத்திருந்தால், 'காத்திருக்கும் ஒருத்தி' என்று காட்சியில் வந்தவுடன் நகத்தைக் கடிக்க மாட்டீர்கள்.

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். கேட்காமல் யாரையும் போனில் படம் எடுக்காதீர்கள். இன்னொன்று, நம் மலையில் படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர் என்று பலர் வாழ்கிறார்கள். அவர்களுடைய பேச்சையும் உடையையும் வேடிக்கைக்காக எடுத்துப் போட்டுக்கொள்வதைக் 'கவனித்தல்' என்று சொல்லாதீர்கள். ஒருவரைப் போலச் செய்ய வேண்டுமென்றால் அவர் முன்னாலேயே கூச்சமில்லாமல் செய்து காட்ட முடிகிற அளவுக்கு அது இருக்க வேண்டும்.

4. காட்சியை மூன்று முறை படியுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள்

இங்கிருந்து ஒரு காட்சியை வைத்துப் போவோம். பயிற்சிக்காக நான் எழுதி வைத்திருப்பது இது, ஆறே வரி:

தம்பி: பஸ் ஆறரைக்கு.
அக்கா: தெரியும்.
தம்பி: அப்பா எந்திரிச்சாச்சா?
அக்கா: ஸ்வெட்டர எடுத்துக்க.
தம்பி: கோயம்புத்தூர்ல எதுக்குக்கா ஸ்வெட்டர்?
அக்கா: எடுத்துக்கன்னா எடுத்துக்க.

முதல் முறை கதை கேட்பது போலப் படியுங்கள். இரண்டாவது முறை, தாளில் நிச்சயமாக இருப்பதை மட்டும் பட்டியலிடுங்கள்: பஸ் நேரம் இரண்டு பேருக்கும் தெரியும். தம்பி கோயம்புத்தூர் போகிறான். அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை, தாளில் இல்லாத கேள்விகளை எழுதுங்கள்: எத்தனை நாளுக்குப் போகிறான்? அப்பா தூங்குகிறாரா, தூங்குவது போலப் படுத்திருக்கிறாரா? அந்த ஸ்வெட்டர் யாருடையது?

மனப்பாடம் ஏன் இப்போது வேண்டாம் என்றால், முதலில் எந்த ராகத்தில் மனப்பாடம் செய்கிறோமோ அந்த ராகம் கடைசி வரை நம்மை விட்டுப் போகாது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. "எடுத்துக்கன்னா எடுத்துக்க" என்பதைக் கோபமாகவே நூறு முறை சொல்லிப் பழகிவிட்டால், அது கோபமே இல்லை என்று பிறகு தெரிந்தாலும் வாய் கேட்காது.

5. என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும்

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி, இங்கே அவசரப்படாதீர்கள்.

மாஸ்கோவில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களிடம் கேட்கச் சொன்னதும் இதுதான்: யார், எங்கே, எப்போது, எதற்காக, இந்த நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? இன்று உலகமெங்கும் நடிப்பு வகுப்புகளில் மோட்டிவேஷன் என்று சொல்வது அந்த 'எதற்காக'வைத்தான்.

அக்காவுக்கு என்ன வேண்டும்? புதியவர்கள் எழுதும் முதல் பதில், 'தம்பி போவதால் வருத்தமாக இருக்கிறாள்'. அது நிலைமை, தேவை இல்லை. வருத்தமாக இருப்பதை எப்படிச் செய்வது? செய்ய முடியாது, காட்டத்தான் முடியும். செய்ய முடிகிற ஒன்றாக எழுதுங்கள், அது எதிரில் இருப்பவரிடமிருந்து கிடைக்க வேண்டியதாக இருக்கட்டும்.

'அப்பாவை எழுப்பாமல் இவன் கிளம்ப வேண்டும்.' இது ஒன்று. எழுந்தால் சண்டை வரும், போகவே முடியாமல் போகும். இப்படி எடுத்துக்கொண்டால் அவள் அவசரப்படுத்துவாள், குரலை அடக்குவாள், அறைக் கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

'தீபாவளிக்கு வருவேன் என்று இவன் வாயால் சொல்ல வேண்டும்.' இது இன்னொன்று. இப்போது ஸ்வெட்டர் ஒரு கயிறு. அதை எடுத்துக்கொண்டால் குளிருக்குத் திரும்பி வருவான் என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

'அழாமல் இவனை அனுப்பிவிட வேண்டும்' என்றும் சிலர் எழுதுவார்கள். பரவாயில்லை, ஆனால் இதற்குத் தம்பி தேவையில்லை, அவளே தன்னோடு போராடிக்கொள்ளலாம். அதனால் காட்சி உள்ளே சுருண்டுவிடும். முதல் இரண்டில் ஒன்றை எடுத்தால் அவன் கண்ணைப் பார்த்தாக வேண்டும், அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்து அடுத்த வரி மாறும்.

அப்புறம் தடை என்ன என்று எழுதுங்கள். வேண்டியது உடனே கிடைத்துவிட்டால் காட்சி முடிந்துவிடும். இங்கே தடை நேரம். ஆறரை பஸ்.

ஒரு காட்சிக்கு ஒரு தேவை போதும். நான்கைந்து எழுதிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடிக்கப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் எட்டாது. சரியான தேவை எது என்று காட்சியை எழுதிய என்னிடம் கேட்கிறார்கள் நண்பர்கள். நான் சொல்வதில்லை. எழுந்து நின்று செய்து பாருங்கள், உங்கள் உடம்பை எது அசைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல்

இது சின்ன வேலை, பென்சிலால் செய்யுங்கள். வரிக்கு எதிரே, அந்த வரியால் எதிராளியை என்ன செய்கிறீர்கள் என்று ஒரே சொல்லில்: விரட்டு, கெஞ்சு, மடக்கு, தேற்று, சீண்டு, மறை, கட்டிப்போடு. தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை.

'தெரியும்' என்ற ஒற்றைச் சொல்லை 'வாயை அடை' என்று வைத்து ஒருமுறை, 'தேற்று' என்று வைத்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள். குரலை நீங்கள் மாற்றவே வேண்டாம், தானாக மாறும்.

இங்கே நடக்கும் தவறு, பெயர்ச்சொல்லையும் வினையடையையும் எழுதுவது: 'பாசம்', 'எரிச்சலாக', 'மெதுவாக'. அதைப் பார்த்தவுடன் முகம்தான் வேலை செய்யும். வினை எழுதினால் முழு ஆளும் வேலை செய்வார்.

7. கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

மேடையில் ஏறியவுடன் இரண்டு கையும் நம்முடையதாகவே தெரியாது. அதற்கு ஒரே மருந்து, கைக்கு உண்மையான வேலை. அக்காவிடம் ஒரு நிஜப் பையும் நிஜ ஸ்வெட்டரும் கொடுங்கள். காற்றில் மடிப்பது போலப் பாவனை வேண்டாம்.

ஒரு ஞாயிறு இந்தக் காட்சியை ஒரு நர்ஸ் செய்தார். மூன்று முறையும் அழுகை அழுகையாக வந்தது, பார்த்த எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. நான்காவது முறை, "பையின் ஜிப் போட வேண்டும், ஸ்வெட்டர் உள்ளே போக வேண்டும், அது மட்டும்தான் உங்கள் கவலை" என்றேன். பை சின்னது. ஸ்வெட்டரை மடித்தார், போகவில்லை. மறுபடி பிரித்து, கைகளை உள்ளே மடக்கி, குழந்தையின் உடுப்பை மடிப்பது போல நெஞ்சில் வைத்துத் தடவிச் சுருட்டினார். தம்பி "எதுக்குக்கா ஸ்வெட்டர்" என்று கேட்டபோது அவர் நிமிரக்கூட இல்லை. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, அதை இழுத்துக்கொண்டே "எடுத்துக்கன்னா எடுத்துக்க" என்றார், குரல் நடுவில் உடைந்தது. அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அவர் அழப் பார்க்கவில்லை, ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

8. எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்

புதியவர்கள் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள், அந்தக் காத்திருப்பு அப்படியே கண்ணில் தெரியும். இதற்கு ஒரு பயிற்சி. இருவரும் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும், "நீ சிரிக்கிற." மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், "நான் சிரிக்கிறேன்." மாற்றி மாற்றி அதே வாக்கியம். எதிராளியிடம் ஏதாவது மாறும்போதுதான் வாக்கியத்தை மாற்றலாம். அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் பயன்படுத்திய பயிற்சி இது. முதல் இரண்டு நிமிடம் அசட்டுத்தனமாகத் தோன்றும், நிறுத்தாதீர்கள், ஐந்தாவது நிமிடத்திலிருந்து தான் என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை போய் எதிராளி என்ன செய்கிறார் என்பதிலேயே கவனம் நிற்கும்.

அந்தக் கவனம் கலையும் முன்பே, உடனே ஆறு வரிக் காட்சிக்கு வாருங்கள்.

9. அழுகை வரவில்லை என்றால்

சொந்த வாழ்க்கையின் துக்கத்தைத் தோண்டி எடுத்து அழ வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் தொடக்கத்தில் உணர்ச்சி நினைவை, அதாவது முன்பு தானே பட்ட உணர்ச்சியை நினைவுக்குக் கொண்டுவருவதை, வைத்துப் பழக்கினார்தான், பிற்காலத்தில் உடம்பால் செய்யும் செயல்களின் பக்கம் நகர்ந்தார். காரணம் நமக்கே புரியும்: துக்கம் கூப்பிட்டால் வராது, கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மரத்துப்போகும். சமீபத்தில் யாரையாவது இழந்தவர்கள் அந்தப் புண்ணை மேடைக்காகக் கீறவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு பையன் அப்படிச் செய்துவிட்டு அன்று முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தான், அடுத்த மாதம் வரை வரவே இல்லை.

நம்மிடம் இதற்கு வேறு வழி இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது மனதில் உள்ளது உடம்பில் வெளிப்படுவது, எட்டு என்று சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் தருகிறது. அழுகைக்குச் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தன்னை எளிதாக நினைத்தது ஒன்று, இழந்தது ஒன்று, முன்பிருந்த நிலை கெட்டது ஒன்று, இல்லாமை ஒன்று. 'அழ வேண்டும்' என்று எழுதியிருந்தால் இந்த நான்கில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தம்பி போவது அக்காவுக்கு இழவா? அல்லது அவனுக்குக் கொடுத்தனுப்பப் பழைய ஸ்வெட்டரைத் தவிர ஒன்றுமில்லை என்ற வறுமையா? இரண்டு அழுகையும் ஒன்று போல இருக்காது. அச்சத்துக்கும் அப்படியே நான்கு உண்டு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). இருட்டில் டீத் தோட்டத்து வழியில் காட்டுமாட்டை எதிரில் பார்த்தவர்களுக்கும், மேலதிகாரி அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் பயம் உடம்பில் வேறு வேறு இடத்தில் உட்காருவது தெரியும்.

காரணத்தைப் பிடியுங்கள், அதற்குரிய செயலைச் செய்யுங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் காட்சி நிற்கும்.

10. இப்போது மனப்பாடம், அப்புறம் ஒத்திகை

வரி ஏன் வருகிறது என்று தெரிந்த பிறகு மனப்பாடம் பாதி முடிந்த மாதிரி. பாத்திரம் துலக்கிக்கொண்டே, நடந்துகொண்டே, ராகமில்லாமல் சொல்லிப் பாருங்கள். குன்னூர் கடைவீதியிலிருந்து மேலே ஏறும் படிகளில் மூச்சு வாங்க வாங்கச் சொல்லியும் வரி தவறவில்லை என்றால் மேடையிலும் தவறாது.

ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்று தேவையை, நாளை தூரத்தை, மறுநாள் நேரத்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. துணையாக இருப்பவர், "நீ அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்" என்று சொல்லிக் காட்டக் கூடாது. "உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லலாம்.

11. உங்கள் ஊர்த் தமிழை விடாதீர்கள்

இது தனிப் படி இல்லை என்று தோன்றலாம், ஆனால் இங்குள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே. ஆடிஷன் என்றவுடன் சினிமாவில் கேட்ட சென்னைப் பேச்சை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் படகர் மொழி பேசி வெளியே தமிழ் பேசுகிறவர், கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்து பேசுகிறவர், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, ஒவ்வொருவரிடமும் ஒரு தனித் தமிழ் இருக்கிறது. முதலில் அந்தத் தமிழில் காட்சியைச் செய்யுங்கள். அதில் உண்மையாக நிற்க முடிந்த பிறகு வேறு வட்டாரப் பேச்சைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும். இரவல் பேச்சில் தொடங்கினால் கவனமெல்லாம் உச்சரிப்பில் போய்விடும், தேவை காணாமல் போகும்.

12. போனில் ஆடிஷன் வீடியோ எடுப்பது

முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். சென்னைக்குப் பஸ் ஏறாமலே முதல் கதவைத் தட்டலாம் என்பதால் மலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல காலம்.

வெறும் சுவர், ஒரே நிறம். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். போனைக் கண் உயரத்தில், கிடைமட்டமாக, அசையாமல் வையுங்கள். புத்தக அடுக்கு போதும். நெஞ்சிலிருந்து தலை வரை தெரியட்டும். துணை கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று எதிர் வசனம் சொல்லட்டும், நீங்கள் அவர் கண்ணைப் பாருங்கள், லென்ஸைப் பார்க்காதீர்கள். அவர் குரல் உங்கள் குரலைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், போனுக்கு அவர்தான் அருகில் நிற்கிறார்.

நம் ஊருக்கென்று இரண்டு தொல்லை. மூடுபனி இருக்கும்போது ஜன்னல் வெளிச்சம் மிக அழகாக, நிழலில்லாமல் விழும், ஆனால் பனி விலகினால் ஒரே டேக்கில் இரண்டு நிறம் வந்துவிடும். அதனால் ஒத்திகையை முன்பே முடித்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் நிலையாக இருக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று டேக் எடுத்துவிடுங்கள். இன்னொன்று தகரக் கூரை. மழை பெய்தால் வசனம் ஒன்றும் கேட்காது, மழை ஓயும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். அவர்கள் கேட்டால் இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டுங்கள். அனுப்பும் முன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது சத்தமில்லாமலே தெரிகிறதா? தெரியாவிட்டால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.

பணம் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். பதிவுக் கட்டணம், போட்டோ செலவு, சங்க அட்டை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. என்னோடு பழகிய ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தை இப்படி இழந்தார், கொடுத்த மறுநாள் அந்த எண் வேலை செய்யவில்லை. நடிகருக்குத்தான் பணம் கொடுப்பார்கள், நடிகரிடம் வாங்க மாட்டார்கள். நேரில் வரச் சொன்னால் முகவரியை வீட்டில் சொல்லிவிட்டு, முதல் முறை துணையோடு போங்கள். பெண்கள் மட்டுமல்ல, பையன்களும்தான்.

13. முறையாகப் படிக்க நினைத்தால்

ஒரு வருடமாவது இப்படிப் பழகிய பிறகு யோசியுங்கள். சென்னையில் நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு, அதற்குப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். விதிமுறைகள் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். எங்கே நேர்காணலுக்குப் போனாலும் எதற்கு நடிக்க வருகிறீர்கள் என்று கேட்க வாய்ப்பு அதிகம். உங்கள் நோட்டின் முதல் பக்கம் அங்கே உதவும்.

14. மனம் விட்டுப்போகும் வாரங்களில்

ஜூன், ஜூலையில் மழை இறங்கினால் எங்கள் அறைக்கு ஏழு பேரில் மூன்று பேர்தான் வருவார்கள். ஆடிஷன் வீடியோ பதினைந்து அனுப்பிப் பதிலே வராத மாதங்களும் உண்டு. அந்த வாரங்களில் முழுப் பயிற்சியையும் செய்யப் பார்க்காதீர்கள், முடியாமல் போய்க் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். மூன்றே வேலை: ஐந்து நிமிடம் மூச்சு, ஒரு மனிதரைப் பற்றி நான்கு வரி, வாரத்தில் ஒருமுறை துணையைப் பார்ப்பது. துணை வரவில்லை என்றால் நீங்கள் போங்கள்.

பதில் வராத வீடியோவைப் பற்றி நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: அதில் என்ன தேவையை எடுத்தேன், எந்த இடத்தில் அதை விட்டேன். தேதி போடுங்கள். அடுத்த காட்சிக்கு உட்காரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு, அப்புறம் தாளை எடுங்கள்.